எனக்குக் கேக்காத சத்தம்

அது இல்ல தம்பி, அது படிக்கட்டு லைட்டுக்குப் போற வயரு. அதுக்கும் மேல பாருங்க. பால்கனிக்கு அடியில, சுவத்துக் கலர்லயே ஒரு டப்பா இருக்கில்ல, முன்னாடி வலை அடிச்ச மாதிரி? ஆங், அதேதான். அதைத்தான் கழட்டணும். ஏணிய நான் பிடிச்சுக்கிறேன், தைரியமா ஏறுங்க. வயசுதான் ஆச்சு, பிடி இன்னும் விட்டுப் போகல.

மெதுவாவே பண்ணுங்க, அவசரமில்ல. சுத்தியல் கித்தியல் மட்டும் எடுக்காதீங்க. எல்லாரும் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கிற நேரம். அதுக்காகத்தான் உங்கள இப்ப வரச் சொன்னேன். யாராவது எட்டிப் பாத்துக் கேட்டா, படிக்கட்டு லைட்டு எரியல, பாக்க வந்தேன்னு சொல்லிடுங்க. பொய்யும் இல்ல, ரெண்டாவது மாடி லைட்டு நெஜமாவே எரியல.

என்ன ஆச்சு? ஏன் மூஞ்சிய அப்படிச் சுளிக்கிறீங்க? காதுக்குள்ளயா?

அட. உங்களுக்குக் கேக்குதா? என்ன வயசு உங்களுக்கு? இருபத்தி மூணா. சரி. சரி, சரி. அப்ப கேக்கும்தான்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் கேக்காது தம்பி. ஒரு காக்கா கத்துது, உங்க பைக்குள்ள ஸ்க்ரூ ஆடுது, அவ்வளவுதான் எனக்கு. அதுதான் அந்த டப்பாவோட விசேஷமே. எங்கள மாதிரி ஆளுங்க காதுக்கு அந்தச் சத்தம் எட்டாது. சின்ன வயசுக்காரங்களுக்கு மட்டும்தான். ஒரு பொண்ணு எங்கிட்ட சொல்லிச்சு, பல்லுக்குள்ள ஊசிய விட்டுத் திருகுற மாதிரி இருக்குன்னு. அப்படியா இருக்கு? தலைய ஆட்டுறீங்களே. இருங்க, பஞ்சு வேணும்னா எடுத்துட்டு வரேன். வேணாமா? சரி.

சுவிட்சா? சுவிட்ச் இல்ல. மாட்ட வந்தவன்கிட்ட நான்தான் சொன்னேன், சுவிட்ச் வெச்சா பசங்க கண்டுபிடிச்சு அணைச்சிடுவாங்கப்பா, நேரா லைன்ல குடுத்துடுன்னு. லிஃப்ட்டுக்கும் தண்ணி மோட்டாருக்கும் போற லைன்லயே கோத்துட்டான். ராத்திரி பகல்னு கிடையாது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். மெயினை ஆஃப் பண்ணினாத்தான் நிக்கும். மெயினை ஆஃப் பண்ணினா லிஃப்ட் நடுவுல நிக்கும், மொத்த பில்டிங்கும் என்னாச்சு என்னாச்சுன்னு வெளிய வந்துரும். அதான் வேணாங்கிறேன். நீங்க மொதல்ல ஸ்க்ரூவ எடுங்க. வயர் விஷயத்த அப்புறம் பாக்கலாம்.

எதுக்குன்னா... பின்னாடி திரும்பிப் பாருங்க. பாத்து, காலை நல்லா ஊனிக்கிட்டு. அந்த இடம் தெரியுதில்ல? மைதானம்னு சொல்லிக்கிறோம், மூணு பில்டிங் கட்டினதுல மிச்சம் விழுந்த மண்ணு அது. நடுவுல ஒரு மரம், மரத்தச் சுத்தி வட்டமா குட்டைச் சுவரு. போன வருஷம் சாயங்காலத்துல நீங்க வந்திருந்தா அந்தச் சுவத்துல உக்கார இடம் கெடைச்சிருக்காது. எல்லாம் பசங்க. பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு, சிலது அப்பத்தான் காலேஜு சேந்தது. இந்த பில்டிங்குப் பசங்களும் உண்டு, பின்தெருப் பசங்களும் உண்டு. நெட்டையா ஒருத்தன், அவனக் கொக்குன்னு கூப்பிடுவாங்க. ரெண்டு விரலை வாயில வெச்சு ஒரு பொண்ணு விசில் அடிக்கும் பாருங்க, நாலு தெரு தள்ளிப் போற நாயி நின்னு திரும்பும். அதனால அதுக்குப் பேரே விசில். பந்து வெளையாடுவாங்க, சைக்கிள்ல கைய விட்டுட்டு ஓட்டுவாங்க, ஒண்ணும் இல்லைன்னா சும்மா உக்காந்து சிரிப்பாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

என்ன தப்பா? அதத்தான் அந்தப் பொண்ணும் கேட்டுச்சு. வரேன், அதுக்கு வரேன்.

நான் இங்க அசோசியேஷன் செக்ரட்டரி தம்பி. வேலையில இருந்து ரிட்டயரானப்புறம், நீங்கதான் சும்மா இருக்கீங்களேன்னு தலையில கட்டிட்டாங்க. மொதல்ல பந்து மேல புகார் வந்துச்சு. வெளையாடக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சோம். என் கையெழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கும், நான்தான் எழுதினேன். மறுநாளே பந்த எடுத்து வெச்சுட்டாங்க. உக்காந்து பேசினாங்க. உக்காந்து பேசுறாங்கன்னு அடுத்த புகார். ஆம்பளப் பசங்களும் பொம்பளப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்காந்திருக்குன்னு. சுவத்துல உக்காரக் கூடாதுன்னு இன்னொரு போர்டு. எந்திரிச்சு நின்னாங்க. கூட்டமா நிக்கக் கூடாதுன்னு மூணாவது போர்டு. அன்னிக்கு சாயங்காலம் பாக்கணுமே நீங்க, ரெண்டு ரெண்டு பேரா ஜோடி பிரிஞ்சு மரத்தச் சுத்திச் சுத்தி நடக்குறாங்க. கொக்கு முன்னாடி போறான், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கைய பின்னாடி கட்டிக்கிட்டு. பால்கனியில நின்னு பாத்த எனக்கே சிரிப்பு வந்துருச்சு. வாய மூடிக்கிட்டு உள்ள போய்ச் சிரிச்சேன். யோசிச்சுப் பாத்தா, நாங்க சொன்ன ஒரு பேச்சக் கூட அவங்க மீறல தம்பி. மீறியிருந்தா எங்களுக்குச் சௌகரியமா இருந்திருக்கும். போலீசுக்குப் போன் போட்டிருக்கலாம்.

எந்தப் பக்கம் திருகுறீங்க? துரு ஏறியிருக்கும், ஒரு மழைக்காலம் பாத்துடுச்சில்ல. எண்ணெய் வேணுமா?

இந்த டப்பா விஷயத்தக் கொண்டு வந்தது மூணாவது மாடி வக்கீல். எங்கயோ கடை வாசல்ல வெச்சிருந்தத பாத்திருக்காரு. விக்கிற ஆளையே கூட்டிட்டு வந்துட்டாரு. எங்க கமிட்டி ரூம்ல நாங்க ஒரு அஞ்சாறு பேரு, எல்லாம் தலை நரைச்சது. அவன் டப்பாவ மேஜை மேல வெச்சு, ஓடுதுங்கிறான். எங்களுக்கு ஒரு மண்ணும் கேக்கல. என்னய்யா, வெறும் டப்பாவ விக்க வந்தியான்னு வக்கீலே கேட்டுட்டாரு. அப்பப் பாருங்க, பொருளாளரோட மக, பதினஞ்சு வயசுப் பிள்ளை, வீட்டுச் சாவி குடுக்க உள்ள வந்துச்சு. வாசப்படி தாண்டல, அப்படியே ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, அப்பா என்னப்பா இதுன்னு குனிஞ்சிடுச்சு.

நாங்க கை தட்டினோம் தம்பி.

ஆமா. கை தட்டினோம். பொருளாளரும் தட்டினாரு. பெத்த புள்ள காதப் பொத்திக்கிட்டு நிக்குது, வேலை செய்யுதுய்யா, வேலை செய்யுதுன்னு அவரு சிரிக்கிறாரு. நான் வாய்விட்டுச் சிரிச்சேன். அந்தப் பிள்ளை எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துட்டு, சாவிய கீழ வெச்சுட்டுப் போயிடுச்சு.

டப்பாவ எங்க வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. மைதானத்தப் பாத்த பால்கனி எங்க வீடுதான். அடியில மாட்டிக்கோங்கன்னு நானே சொல்லிட்டேன். கேட்டா கேமரான்னு சொல்லணும்னு கமிட்டிக்குள்ள முடிவு. எங்க வீட்டம்மாவுக்குக் கூட இன்னிக்கு வரைக்கும் அது கேமராதான். அது பாக்குதுன்னு சொல்லி துணி காயப் போடறதையே மாத்திக்கிட்டா, அப்பாவி.

ஒரு வாரத்துல மைதானம் காலி.

அப்பத்தான் விசில் எங்க வீட்டுக் கதவத் தட்டுச்சு. தனியாத்தான் வந்துச்சு, மத்தவங்கெல்லாம் தெருமுனையில நிக்கிறாங்க. அங்கிள், உங்க வீட்டுக்குக் கீழ இருக்கிற கேமராவுல இருந்து ஒரு சத்தம் வருது, கொஞ்சம் பாக்கச் சொல்றீங்களா, தலை வலிக்குது, பல்லுக்குள்ள ஊசி திருகுற மாதிரி இருக்குன்னு. மரியாதையா, குரலக் கூட ஒசத்தல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா, கேமரா எங்கயாவது கத்துமான்னேன். நல்லா சிரிச்ச மொகத்தோட. அது போகல. நாங்க என்ன தப்புப் பண்றோம்னு சொல்லுங்க அங்கிள், திருத்திக்கிறோம்னுச்சு. நான் கதவச் சாத்தினேன். அடிச்சுச் சாத்தல, மெதுவாத்தான்.

இதே நாங்கதான் வீட்டுக்குள்ள, எந்நேரமும் போன நோண்டுறியே, எந்திரிச்சு வெளிய போய் காத்தாட நில்லேண்டான்னு கத்துறதும். வெளிய எங்க நிப்பாங்க? சொல்லுங்க. நின்னாங்க ஒரு இடத்துல. பெரிய ரோட்டுப் பாலத்துக்கு அடியில, லாரியெல்லாம் திரும்புற எடத்துல கல்லுக்கட்டு ஒண்ணு இருக்கு. அங்க பாத்தேன் ஒரு நாள். புகையும் தூசியும், பேசறது ஒருத்தருக்கொருத்தர் கேக்காது. வரிசையா உக்காந்திருக்காங்க. ரோட்டத் தாண்ட முடியாம நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன். கொக்கு எந்திரிச்சு, உக்காருங்க அங்கிள்னான். என் மூஞ்சி தெரிஞ்சுதான் சொன்னான். உக்காந்தேன் தம்பி. வேற வழியில்ல. விசில் தண்ணி பாட்டில நீட்டுச்சு. அதையும் வாங்கிக் குடிச்சேன். குடிச்சுட்டு வீட்டுக்கு வந்து இந்த டப்பாவக் கழட்டியிருக்கணும் இல்ல? கழட்டல. அவங்களுக்கு அங்க பழகிப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மேல அழுறதா? அது எங்க பேரன். பிறந்து நாலஞ்சு மாசம் ஆகுது. அப்படித்தான் அழுவான், நீங்க வேலையப் பாருங்க.

இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. குழந்தை டாக்டர் பாத்துட்டாரு, கல்லு மாதிரி இருக்கான்னுட்டாரு.

நீங்க ஏன் ஸ்க்ரூவ விட்டுட்டு டப்பாவையே பாக்குறீங்க?

ஆமா தம்பி. நீங்க நெனக்கிறது சரிதான். அவன் படுக்கிற ரூம் ஜன்னலுக்கு நேர் கீழதான்.

எம் பையன் வெளியூர்ல வேலையா இருந்தான். குழந்தை பிறந்ததும் இங்கயே மாத்தல் வாங்கிட்டு வந்துட்டான். எந்த ரூமக் குடுக்கிறதுன்னு வீட்டம்மா கேட்டா. பால்கனி ரூமக் குடு, காத்தாட இருக்கும், மைதானமும் இப்ப அமைதியா இருக்குன்னு நான்தான் சொன்னேன். வந்த அன்னிக்கே குழந்தை அழ ஆரம்பிச்சான். தூங்குவான், திடுக்குனு முழிப்பான், கத்துவான். அடுப்படியில போட்டா தூங்குறான், அதிசயமா இருக்கேன்னு பேசிக்கிட்டோம். பால் பத்தலைன்னா வீட்டம்மா. தூக்கத் தெரியலன்னு பக்கத்து வீட்டுல. பிள்ளை வளக்கத் தெரியாத வீட்ல பொண்ணு எடுத்துட்டோம்னு நான் ஒரு வார்த்தை விட்டேன். அவ காதுல விழுற மாதிரிதான் விட்டேன்.

மருமகளுக்கா? உங்க வயசுதான். ஒண்ணு ரெண்டு கம்மியாக் கூட இருக்கும்.

அவ அப்பவே சொன்னா. மாமா, இந்த ரூம்ல மெலிசா ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு, யாரோ கண்ணாடியக் கீறுற மாதிரின்னு. ஃபேன நிறுத்திப் பாத்தோம். பிரிட்ஜ நிறுத்திப் பாத்தோம். எம் பையனுக்குக் கேக்கல. அவனுக்கு முப்பத்தஞ்சு முடியுது, பொழுதன்னிக்கும் காதுல இயர்போன சொருகி வெச்சிருந்தா இடியே விழுந்தாலும் கேக்காது. எங்களுக்குக் கேக்காது. அவளுக்கு மட்டும் கேக்குது. வீட்ல நாலு பேருல ஒருத்திக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டா, அந்த ஒருத்திக்கு என்ன பேரு வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

எனக்குத் தெரியாதான்னா... விக்கிறவன் பதினெட்டு வயசுக்குள்ளன்னுதான் சொன்னான், சுவரு தாண்டிப் போகாதுன்னும் சொன்னான். அதனால மொதல்ல தோணல, சத்தியமா தோணல. காதுக்கு என்ன பிறந்த தேதியா தெரியும், பதினெட்டு முடிஞ்சதும் கேக்கிறத நிறுத்திக்க?

பிள்ளை பெத்த பொண்ணுங்களுக்கு மனசு கலங்கும்னு யாரோ சொல்லி, மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். நானும் போனேன். உக்கார வெச்சிருந்தாங்க. எதிர்ச் சுவத்துல சாஞ்சு உக்காந்தவ, குழந்தைய மடியில போட்டபடியே தூங்கிட்டா. குழந்தையும் தூங்குது. ரெண்டும் வாயத் தொறந்துக்கிட்டு, அப்படி ஒரு தூக்கம். பேரக் கூப்பிட்டதும் முழிச்சு எம் பையன்கிட்ட சொல்றா, இங்க அந்தச் சத்தம் இல்லைங்கன்னு.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி.

சொல்லல. எப்படிச் சொல்றது? அப்ப அது கேமரா இல்லையான்னு வீட்டம்மா கேப்பா. தெரிஞ்சேவான்னு எம் பையன் கேப்பான். உள்ள போனோம், டாக்டர் கேட்டாரு, சத்தம் எத்தனை நாளா கேக்குதும்மான்னு. பக்கத்துலயே உக்காந்திருக்கேன் நான், என் செருப்பப் பாத்துக்கிட்டு. மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. போட்டா தூக்கமா வருது அவளுக்கு, பேச்சு குழறுது. குழந்தைக்குப் பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பால் கட்டிக்கிட்டு, ராத்திரியில உக்காந்து பிழிஞ்சு ஊத்துறா. சத்தம் மட்டும் நிக்கலங்கிறா. நிக்கலையாம்னு டாக்டர் மாத்திரைய ஒசத்தினாரு.

எறங்காதீங்க. ஏன் எறங்குறீங்க? முழுசாக் கேளுங்க.

நாளைக்கு எம் பையன் அவள அவங்க அம்மா வீட்ல விடப் போறான். அவளத் தனியா. குணமாகிட்டு வரட்டும், புள்ள எங்ககிட்டயே இருக்கட்டும்னு நேத்து பேசி முடிச்சுட்டாங்க. அவ துணிய மடிச்சுப் பெட்டியில வெச்சுக்கிட்டிருந்தா. அதான் தம்பி, இன்னிக்கே கழட்டணும்னு உங்களப் பிடிச்சேன். டப்பா போயிடுச்சுன்னா சத்தம் நின்னுடும். ராத்திரி நல்லாத் தூங்குவா. குழந்தையும் தூங்குவான். காலையில, மாத்திரை வேலை செஞ்சிடுச்சுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டுக்குவாங்க, பயணமும் நின்னுடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அப்படித்தான் நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி.

தெரியும். அவளுக்கு ஆயுசுக்கும் அந்தப் பேரு நிக்கும், தெரியும். நாளைக்கு ஏதாவது கோவத்துல ஒரு வார்த்தை பேசினாக் கூட, மாத்திரை போட்டியான்னுதான் கேப்பாங்க. எல்லாம் யோசிச்சேன். யோசிச்சுட்டும் அப்படித்தான் போட்டேன் கணக்கு. பாலத்துக்கு அடியில தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்து சும்மா இருந்தவன்தானே நான்.

என்ன, மெயினை அணைக்காமத் தொட மாட்டீங்களா? ஒரு வயரக் கத்தரிக்கிறதுக்கா? எல்லாரும் வெளிய வருவாங்கன்னு சொன்னேனே. அவங்க வந்தா... சரி. உங்க உசுரு, நீங்க சொல்றது நியாயம்தான்.

காலையில அவ எங்கிட்ட கேட்டா. மாமா, உங்களுக்கு நெஜமாவே ஒண்ணும் கேக்கலையான்னு. கேக்கலைம்மான்னேன். அதுல பொய் இல்ல பாருங்க, எனக்குக் கேக்காதே. அவ தலையாட்டிக்கிட்டா. தண்ணி கொண்டாந்து, மாத்திரையப் பிரிச்சு அவ உள்ளங்கையில வெச்சது நான்தான்.

மெயினா? படிக்கட்டுக்கு அடியில, இரும்புக் கதவுக்குள்ள இருக்கு. நீங்க இருங்க, நான் போய் அணைக்கிறேன். லிஃப்ட் நின்னா மத்தவங்க வருவாங்க, அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அவ உடனே வந்துருவா. சத்தம் நின்னது எங்க வீட்ல அவளுக்கு மட்டும்தான் தெரியும். பால்கனிக்கு வந்து உங்களப் பாப்பா, என்னாச்சுன்னு கேப்பா. நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம் தம்பி. உங்களுக்கும் கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அந்த டப்பாவ அவ கையில குடுத்துடுங்க. யாரு மாட்டினதுன்னு கேட்டா, கீழ மெயின்கிட்ட நிக்கிறாருன்னு சொல்லுங்க.